ஹீலோவில் மட்டும் ஒரு பெயர்

லாஸ் ஏஞ்சல்ஸ்
9 மார்ச் 1935

மதிப்பும் அன்பும் மிக்க தம்பி டின்-ஹோவுக்கு, தமக்கை சாவ்-யிங் வணக்கம் கூறி எழுதுவது.

உன் இரண்டு கடிதங்களுக்கும் இதுவரை விடையளிக்காமல் காலம் தாழ்த்தியமைக்கு முதற்கண் மன்னிப்பு வேண்டுகிறேன். ஒன்றுக்கு விடை எழுத அமர்ந்த வேளையில் அடுத்தது வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதலாம் என ஒத்திவைத்தது என் பிழை. நான் நலம். படப்பிடிப்பு விளக்குகளால் கண் எரிச்சல் உண்டு. வெள்ளரித் துண்டு வைத்துப் படுத்தால் தணிகிறது. உன் மூச்சிரைப்பு எவ்வாறு இருக்கிறது? உன் மனைவி வாய்-லன் நலமாக இருக்கிறாளா?

தாமதத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. ஜனவரி தொடங்கி மூன்று முறை நான் கேமராவின் முன் நிறுத்திச் சோதிக்கப்பட்டேன். நம் முன்னோர் ஊரையொட்டி ஓடும் முத்து ஆற்றில் படகோட்டும் ஒரு பெண்ணின் கதையை இங்கே ஒரு பெரிய ஸ்டுடியோ படமாக்கவிருக்கிறது. கணவனைப் படைவீரர்கள் பிடித்துச் சென்றபின், தனி ஒருத்தியாய்ப் படகையும் மூன்று பிள்ளைகளையும் காக்கும் பெண். படத்தின் பெயர் ‘முத்தாற்றுப் பெண்’. நான் சோதிக்கப்பட்டது அந்தப் பெண்ணின் பாத்திரத்துக்கே.

பன்னிரண்டு ஆண்டுகளில் நான் தேநீர்த் தட்டு ஏந்தி வந்த படங்கள் பத்தொன்பது. திரைச்சீலைக்குப் பின்னிருந்து கத்தியுடன் வெளிப்பட்டவை நான்கு. இவை அனைத்திலும் சேர்த்து நான் பேசிய சொற்கள் நூற்று நாற்பதைத் தாண்டா. ஆகவே மூன்றாம் சோதனையின் முடிவில் இயக்குநர் தம் இருக்கையிலிருந்து எழுந்து நின்றதை நான் கவனிக்காமல் இருக்க இயலவில்லை. பக்கத்திலிருந்த படப்பதிவாளரிடம் “இனிமே யாரையும் பாக்க வேணாம்யா” என்று அவர் சொன்னதும் காதில் விழுந்தது. விழாதது போல் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

பள்ளி வாசலை மிதிக்காமல், நம் சலவைக்கடையில் துணி சுற்ற வந்த செய்தித்தாள்களிலிருந்து ஆங்கிலம் கற்றவள் நான். எழுத்தில் உறுதிப்படாத எதையும் உறுதியென்று கூறும் வழக்கம் எனக்கு இல்லை. எனவே இச்செய்தி உன் அளவில் இருக்கட்டும்.

இஞ்சிக் கஷாயத்தை இடைவிடாமல் பருகும்படி கேட்டுக்கொள்ளும்,
உன் தமக்கை,
குவோக் சாவ்-யிங்


ஹீலோ, ஹவாய்
30 மார்ச் 1935

மரியாதைக்குரிய அக்காவுக்கு, டின்-ஹோ வணங்கி எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். மழை மட்டும் விடவில்லை. மூச்சிரைப்பு இப்போது விடியற்காலையில் மட்டுமே வருகிறது. உங்கள் கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘உன் அளவில் இருக்கட்டும்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி இரண்டாம் பக்கத்தில் இருந்தது அக்கா. நான் முதல் பக்கத்தை முடித்ததுமே தெருவில் இறங்கிவிட்டேன்.

முதலில் சீனச் சங்கத்தில் சொன்னேன். பிறகு பன்றியிறைச்சிக் கடை அஹுனா அம்மாளிடம். கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டார். “உங்கக்காவா? தராசு முள்ளை எட்டிப் பாத்து என்கிட்ட மல்லுக்கு நிக்குமே, அந்தப் பொண்ணா? அது படகு ஓட்டும்டா. ஆத்துல தண்ணி இல்லேன்னாலும் ஓட்டும்” என்றார். அன்று எனக்கு எலும்பில்லாத துண்டாகப் பார்த்துக் கொடுத்தார்.

ஒரு விஷயம் உங்களிடம் கேட்க வேண்டும். கடற்கரைச் சாலையில் மெத்தை நாற்காலியோடு புதுத் தியேட்டர் வந்ததிலிருந்து நம் மூன்லைட் தியேட்டர் பாதிகூட நிரம்புவதில்லை. தகரக் கூரை வேறு. மழை வலுத்தால் படம் ஊமைப் படமாகிவிடுகிறது. இன்னும் ஒரு வருடம் இப்படியே போனால் மூட வேண்டியதுதான். ‘முத்தாற்றுப் பெண்’ணை இந்தத் தீவில் முதலில் நாம் திரையிட வேண்டுமானால், அந்த ஸ்டுடியோவின் ஒரு வருடப் படங்கள் முப்பதையும் சேர்த்து எடுத்தாக வேண்டும் என்று ஹோனலுலு ஏஜென்ட் சொல்கிறார். ஜூன் மாதம் கையெழுத்து. சாதாரணமாக இருந்தால் நான் துணியமாட்டேன். நீங்கள் நாயகி என்றால் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. ஹீலோவில் உங்களைத் தெரியாதவர் யார்?

ஆம் என்று ஒரு வரி எழுதுங்கள். அது போதும்.

உங்கள் தம்பி,
டின்-ஹோ


லாஸ் ஏஞ்சல்ஸ்
17 மே 1935

அன்பு மிக்க தம்பி டின்-ஹோவுக்கு, சாவ்-யிங் எழுதுவது.

நீ எழுதிய கடிதம் என் மேசையில் ஆறு வாரங்கள் கிடந்தது. மன்னிக்க வேண்டும். படப்பிடிப்பு தொடங்கிவிட்டது, காலை ஆறு மணிக்கெல்லாம் நான் ஸ்டுடியோவில் இருக்க வேண்டியுள்ளது.

படகுக்காரியின் கணவனாக நடிப்பவர் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த திரு. பென்னிங்டன். நாள்தோறும் இரண்டு மணி நேரம் அவருக்கு ஒப்பனை நடைபெறுகிறது. கண்ணோரங்களைப் பசையாலும் மெல்லிய மீன்தோலாலும் இழுத்து ஒட்டுகிறார்கள். சிரித்தால் பிய்ந்துவிடும் என்பதால், மதிய உணவு வேளையில் அவரிடம் எவரும் வேடிக்கையாகப் பேசலாகாது என்று எங்களுக்குக் கட்டளை. அவர் இயல்பிலேயே கலகலப்பானவர். பாவம், தனியாக அமர்ந்து உண்கிறார்.

மிஸ் கொரின் டேல் என்னும் நடிகைக்குத் துடுப்புப் போடவும், குழந்தையை முதுகில் கட்டவும், கிண்ணத்தை உதட்டருகே பிடித்து உண்ணவும் கற்பிக்கும் பொறுப்பு எனக்கு அளிக்கப்பட்டுள்ளது. உழைப்பாளி. உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியும் துடுப்பை விடவில்லை.

நீ கேட்ட வரியைப் பொறுத்தவரை, ஸ்டுடியோவின் அலுவல்கள் பல கட்டங்களாக நடைபெறுபவை என்பதை நீ கருத்தில் கொள்ள வேண்டும். இப்படத்தின் பொருட்டு நான் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டிருக்கிறேன். உன் ஒப்பந்தத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவன் நீயே.

ஈரத் துணியுடன் திரியலாகாது எனக் கேட்டுக்கொள்ளும்,
குவோக் சாவ்-யிங்


ஹீலோ
11 ஜூன் 1935

மரியாதைக்குரிய அக்காவுக்கு, டின்-ஹோவும் வாய்-லனும் வணங்கி எழுதுவது.

நாங்கள் நலம். வாய்-லன் இரட்டிப்பு நலம், டிசம்பரில் குழந்தை.

‘ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டிருக்கிறேன்’ என்ற வரியை வாய்-லன் மூன்று முறை உரக்க வாசித்தாள். அன்று மாலையே நான் முப்பது படங்களுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏஜென்ட் ஒவ்வொரு விதியாக விரல் வைத்துக் காட்டினார். ஸ்டுடியோ அனுப்பும் சுவரொட்டியைத் தவிர வேறெதையும் ஒட்டக்கூடாது, அவர்கள் தரும் பெயர்களைத் தவிர வேறு பெயரை வாசல் பலகையில் எழுதக்கூடாது, மீறினால் படங்கள் நின்றுவிடும் என்று இருக்கிறது. அவர்கள் தரும் பெயர்களில் உங்கள் பெயர்தானே முதலில் இருக்கப்போகிறது!

மிஸ் டேல் யார்? மிஷனரி அம்மாளாக நடிக்கிறவராக இருக்கும் என்கிறாள் வாய்-லன். மிஷனரி ஏன் துடுப்புப் போட வேண்டும் என்று கேட்டேன். “மிஷனரிங்க எதையும் விட்டுவைக்கமாட்டாங்க” என்கிறாள்.

அக்டோபர் இருபதாம் தேதி பலகை எழுதுகிறோம். ஓர் ஆள் உயரத்துக்கு எழுத்து. உங்கள் பெயரைச் சீனத்தில் மேலேயும் ஆங்கிலத்தில் கீழேயும் எழுதலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

உங்கள் தம்பி,
டின்-ஹோ


லாஸ் ஏஞ்சல்ஸ்
26 ஜூலை 1935

அன்பு மிக்க தம்பிக்கும் வாய்-லனுக்கும், சாவ்-யிங் எழுதுவது.

மகப்பேற்றுச் செய்தி மிகுந்த மகிழ்ச்சியளித்தது. பிரசவத்துக்குப் பின் தருவதற்கான பன்றிக்கால், இஞ்சி, இனிப்புக் காடி ஆகியவற்றை நவம்பரிலேயே வாங்கிவைப்பது நன்று. இஞ்சியை முற்றியதாகத் தேர்ந்தெடு. படிக்கட்டுகளில் வாய்-லன் பாரம் சுமக்கலாகாது.

படப்பிடிப்பு சென்ற வாரம் நிறைவுற்றது. என் பங்கேற்பின்றி ஒரு காட்சியும் எடுக்கப்படவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். கண் எரிச்சல் பெரிதும் குறைந்துள்ளது. நான் குடியிருக்கும் மருந்துக்கடை மாடிக்கு எதிர்வரிசை வீடுகளை ரயில் நிலையத்துக்காக இடித்துவிட்டார்கள். இப்போது நல்ல காற்று வருகிறது.

மிஸ் டேலைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவருடைய பாத்திரம் சற்றுப் பெரியது.

எழுத்தின் உயரம் குறித்து எனக்குக் கருத்தில்லை.

நலம் விழையும்,
குவோக் சாவ்-யிங்


ஹீலோ
22 செப்டம்பர் 1935

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நலம். வாய்-லனும் நலம். நல்ல மழை.

ஹோனலுலுவிலிருந்து ‘முத்தாற்றுப் பெண்’ சுவரொட்டிக் கட்டு வந்தது. ஈரம் படாமல் பரண்மேல் வைத்திருக்கிறேன். வாய்-லனிடம்கூடக் காட்டவில்லை.

முதல் மூன்று மாலைக் காட்சிகளையும் சீனச் சங்கம் மொத்தமாக எடுத்துக்கொண்டது. டிக்கெட் முழுவதும் விற்றாகிவிட்டது.

எனக்கு எழுத உங்களுக்கு ஏதாவது இருந்தால், அக்டோபர் இருபதுக்குள் கிடைக்கும்படி எழுதுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டின்-ஹோ


லாஸ் ஏஞ்சல்ஸ்
27 அக்டோபர் 1935

அன்புத் தம்பி டின்-ஹோவுக்கு, உன் தமக்கை.

நீ குறித்த நாள் கடந்துவிட்டது என்பதை அறிந்தே இதனை எழுதுகிறேன். நலம் விசாரிப்பதை இறுதியில் வைத்துக்கொள்கிறேன்.

படகுக்காரியின் பாத்திரம் எனக்குத் தரப்படவில்லை. அப்பாத்திரத்தில் நடிப்பவர் மிஸ் டேலே. இது ஏப்ரல் முதல் வாரத்திலேயே எனக்குத் தெரியும். நான் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அவருக்குக் கற்பிப்பதற்கானது. அந்த வரியை நீ எவ்வாறு படிப்பாய் என்பதை எழுதும்போதே அறிந்திருந்தேன். அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். மீண்டும் அதையே எழுதினேன்.

நடந்ததைக் கூறுகிறேன். நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி திரு. விட்லாக். கடுமையானவர் அல்லர். நாற்காலி அளித்து, தேநீரும் வரவழைத்தபின்தான் சொன்னார்.

“உங்க டெஸ்ட்தான்மா எல்லாத்தையும்விட நல்லா இருந்துச்சு. ஆனா புருஷனா நடிக்கிறவர் வெள்ளைக்காரர். வெள்ளைக்காரருக்குச் சீனப் பொண்ணு பெண்டாட்டின்னு திரையில காட்டினா தணிக்கையில விடமாட்டாங்க.”

“கதையில் அவர் சீனர்தானே?”

“கதையில.”

“அப்படியானால் கணவர் பாத்திரத்துக்கும் ஒரு சீனரையே தேர்ந்தெடுக்கலாமே.”

“அப்போ ரெண்டு பேருமே யாருக்கும் தெரியாத பேரா ஆயிடும். உங்க பேரைப் பாத்து எந்த ஊர்லம்மா டிக்கெட் வாங்குவான்?”

“எந்த ஊரிலாவது போட்டுப் பார்த்தீர்களா?”

அவர் சிரிக்கவில்லை. “போட்டுப் பாக்குற செலவா இது?” என்றார். பிறகு கற்பிக்கும் வேலையைப் பற்றிப் பேசினார். மறுத்திருக்கலாம். மறுத்தால் அந்தப் படகின் அருகே நிற்கவும் எனக்கு இடம் இருந்திராது.

மிஸ் டேல்மீது எனக்குக் குறையில்லை. ஒருநாள் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, “நீங்க ஏன் இதுக்கு டெஸ்ட் குடுக்கல?” என்று கேட்டார். கொடுத்தேன் என்றேன். அதன்பின் அந்த வாரம் முழுவதும் என் கண்ணைப் பார்த்துப் பேச அவரால் இயலவில்லை. அவர் கையில் கொப்புளம் எழும்பியபின் கைகளை மட்டும் நெருங்கி எடுத்த காட்சிகளில் என் கைகளே பயன்படுத்தப்பட்டன. அத்தகைய காட்சிகள் நான்கு. படத்தில் நான் இருப்பது அவ்வளவே.

அஹுனா அம்மாளிடமும் சங்கத்தாரிடமும் நீ சொல்லிவிட்டாய் என்று அறிந்த நாள்முதல், உண்மையை எழுத எனக்குக் கை வரவில்லை. ஊருக்குத் திரும்பும்போது தட்டு ஏந்துபவளாகத் திரும்பேன் என்று கப்பல் ஏறும்போது நான் கூறியது அவர்களுக்கு நினைவிருக்கும். இது காரணமேயன்றி நியாயமாகாது. என் பெயருக்காக நீ முப்பது படங்களைச் சுமந்து நிற்கிறாய். பலகை எழுதியாகிவிட்டிருந்தால் அழித்துவிடு. விரும்புவோருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடு.

வாய்-லன் நலமா?

சாவ்-யிங்


ஹீலோ
24 நவம்பர் 1935

மரியாதைக்குரிய அக்காவுக்கு, டின்-ஹோ வணங்கி எழுதுவது.

வாய்-லன் நலம். கால் சற்று வீங்கியிருக்கிறது. உங்கள் கடிதம் படம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே கிடைத்தது.

எனக்குச் செப்டம்பரிலேயே தெரியும் அக்கா. சுவரொட்டியில் மிஸ் டேலின் முகம் கதவளவு இருந்தது. உங்கள் பெயரைச் சிறிய எழுத்திலும் தேடினேன். ஒப்பனைக்காரர் பெயர்கூட இருந்தது. ‘பரண்மேல் வைத்திருக்கிறேன்’ என்று எழுதியபோது, நீங்களே சொல்லிவிடுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். இருபதாம் தேதிவரை பார்த்தேன். பிறகு ஏணியைப் போட்டு உங்கள் பெயரை எழுதினேன். ஆறு மாதமாக ஊரில் சொல்லிவைத்ததை மாற்ற எனக்கும் வாய் வரவில்லை. இதில் உங்களைமட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

உங்கள் கடிதம் வந்த பிறகு அழிக்கத்தான் ஏணியை எடுத்தேன். கீழே நின்று பார்த்தேன். எழுத்து நன்றாக வந்திருந்தது. ஏணியைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

முதல் மாலை ஐந்நூற்று இருபது இருக்கையும் நிறைந்தது. ஆங்கிலம் தெரியாத பெரியவர்களுக்காக, வழக்கம்போல நான் திரையோரம் பேசும் குழாயை வாயருகே பிடித்து நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தேன். படகு வந்தது. மிஸ் டேல் திரும்பினார். அரங்கில் உப்புப் பிளம் பழம் கொறித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து அஹுனா அம்மாள்தான் கேட்டார்.

“டேய் டின்-ஹோ, உங்கக்கா எங்கடா?”

கையில் குழாய் இருந்தது. வேறு என்ன செய்ய?

“அக்காவுக்குக் குடுக்கலம்மா. புருஷனா வர்றவன் வெள்ளைக்காரன். அவனுக்குச் சீனப் பொண்ணு பெண்டாட்டியா வரக்கூடாதாம்.”

“அவன்தான் படத்துல சீனனாச்சே?”

“படத்துல சீனன். நிஜத்துல வெள்ளைக்காரன்.”

“அப்போ பெண்டாட்டி மட்டும் நிஜத்துல வேணுமாக்கும்” என்றார். அரங்கம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், “புருஷனா நீயே போயிருக்கலாமேடா” என்று கத்தினான். “கூடப்பொறந்த அக்காவுக்கா? வாயைக் கழுவுடா” என்றார் அஹுனா அம்மாள். பிறகு என்னிடம், “சரி, நிறுத்தாதே. காசு குடுத்தாச்சு, பாத்துட்டே போறோம்” என்றார்.

உங்கள் கைகள் வந்த இடத்தில் நான் கதையை நிறுத்திவிட்டு, “கை எங்கக்காவோடது” என்றேன். கைதட்டினார்கள். நான்கு இடத்திலும் தட்டினார்கள். மூன்று மாலையும் அப்படித்தான்.

சங்கத்துச் சாக் பெரியவருக்குமட்டும் இது பிடிக்கவில்லை. நம் நாடகத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டுவதில்லையா, அதை ரசித்தோமே, இதற்குமட்டும் ஏன் முணுமுணுக்கிறீர்கள் என்று வாசலில் நின்று கேட்டார். அவருக்கு என்ன சொல்லலாம் என்று எழுதுங்கள்.

நான்காம் நாளிலிருந்து டிக்கெட் பொதுவில். அன்று முப்பத்தெட்டுப் பேர். ஐந்தாம் நாள் இருபத்தொன்று. ஏழாம் நாள் மழையும் நானும். பலகையில் எழுதிய பெயரும் நாள்வாரி டிக்கெட் கணக்கும் உள்ள அந்த வாரத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் பெயருக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது உங்களிடம் இருக்கட்டும்.

உங்கள் தம்பி,
டின்-ஹோ


லாஸ் ஏஞ்சல்ஸ்
15 டிசம்பர் 1935

அன்புத் தம்பி டின்-ஹோவுக்கு, சாவ்-யிங் எழுதுவது.

இக்கடிதம் சேரும்போது வாய்-லனுக்குக் குழந்தை பிறந்திருக்கலாம். தாயும் சேயும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நான் நலம்.

பலகையை நீ அழிக்காமல் விட்டது முறையன்று. முறையற்றதற்கு வித்திட்டவள் நான் என்பதால் மேற்கொண்டு கூறுவதற்கில்லை. கைதட்டல் குறித்து நீ எழுதிய பகுதியை மருந்துக்கடைக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். ஏன் வாசித்தேன் என்று தெரியவில்லை. அவருக்கும் எனக்கும் அதுவரை வாடகைப் பேச்சைத் தவிர வேறில்லை.

சாக் பெரியவருக்கு இவ்வாறு பதில் கூறு. ஆண்கள் பெண் வேடம் கட்டிய காலத்தில் பெண்கள் மேடையேறுவதற்குத் தடை இருந்தது. அவர் ரசித்தது வேடத்தை. தடையை அவர் கவனிக்கவில்லை.

இங்கே படம் ஐந்தாவது வாரமாக ஓடுகிறது. மழையிலும் தெருமுனைவரை வரிசை. திரு. விட்லாக்கை வராந்தாவில் கண்டேன். “பாத்தீங்களா? டேல் பேருக்குத்தான் இந்தக் கூட்டம்” என்றார், மனம் நோகச் செய்யும் எண்ணமின்றி. நானூறு அரங்குகளில் ஒரே பெயரை எழுதிவிட்டு அந்தப் பெயருக்கே கூட்டம் வந்தது என்கிறார்கள். வேறு பெயரை எழுதிய அரங்கு உலகில் ஒன்றே ஒன்று. அதன் தாள் என் பெட்டியில் இருக்கிறது.

அடுத்து ஒரு சிறிய படம் எடுக்கவிருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சீன மருத்துவச்சியின் கதை. கணவன் பாத்திரமே இல்லையாதலால் அந்த விதி குறுக்கே வராது. என் பெயர் விலைபோகாது என்பது ஒன்றே தடை. அந்தத் தாளைத் திரு. விட்லாக் முன் வைத்தால் தடை நீங்கலாம். ஆனால் தாளின் தலைப்பில் மூன்லைட் தியேட்டரின் பெயர் உள்ளது. அவர்கள் தராத பெயரை நீ பலகையில் எழுதினாய் என்பதற்கும் அதுவே சான்று. படங்களை நிறுத்தினால் உன் திரை வெறுமையாய் நிற்கும்.

இதனைக் காட்ட எனக்கு அனுமதி உண்டா? ஆம் அல்லது இல்லை என எழுதினால் போதும்.

குழந்தையின் பெயரை அறியக் காத்திருக்கும்,
சாவ்-யிங்


ஹீலோ
5 ஜனவரி 1936

மரியாதைக்குரிய அக்காவுக்கு, டின்-ஹோவும் வாய்-லனும் எழுதுவது.

பெண் குழந்தை. டிசம்பர் பத்தொன்பதாம் தேதி, விடியற்காலை. தலை நிறைய முடி. வாய்-லன் நலம், பன்றிக்கால் காடியை மட்டும் முகம் சுளித்துக்கொண்டு சாப்பிடுகிறாள். இம்மாதம் பத்தொன்பதாம் தேதி மாதம் நிறைகிறது. வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சிவப்புச் சாயமிட்ட முட்டைக்குச் சொல்லியாகிவிட்டது. பெயர் அன்றுதான். அஹுனா அம்மாள் ஒரு முழுப் பன்றி தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மழை குறைந்திருக்கிறது. கூரைத் தகரத்தில் இரண்டை மாற்றினேன். ஹோனலுலு ஏஜென்ட் பிப்ரவரி கடைசியில் இந்தப் பக்கம் வரலாம் என்று எழுதியிருக்கிறார். என்ன காரணமென்று எழுதவில்லை. பலகையைக் கழுவி வைத்துவிட்டேன்.

மற்ற விஷயம் பற்றிப் பிறகு எழுதுகிறேன். தாள் உங்களிடமே இருக்கட்டும். கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டின்-ஹோ


லாஸ் ஏஞ்சல்ஸ்
22 ஜனவரி 1936

அன்புத் தம்பி டின்-ஹோவுக்கு,

குழந்தைக்கு என் ஆசி. வாய்-லனை இன்னும் இரண்டு வாரம் குளிர்ந்த நீரில் கை வைக்கவிடாதே.

உன் கடிதத்தின் நடை எனக்கு நன்கு பழக்கமானது. சென்ற ஆண்டு முழுவதும் நான் உனக்கு எழுதியது அதே நடையில்தான்.

திரு. விட்லாக் நேற்று என்னை அழைத்தார். உன் பதில் என்னிடம் இல்லை. ஆதலால் தாளின் தலைப்பைக் கத்திரியால் வெட்டியெடுத்துவிட்டு, எஞ்சியதை மட்டும் கொண்டுசென்றேன். அவர் அதை ஜன்னலருகே எடுத்துப்போய்ப் படித்தார். இருமுறை படித்தார்.

“மூணு நாள் ஹவுஸ்ஃபுல். அதுவும் படம் வர்றதுக்கு முன்னாடியே வித்திருக்கு. நாலாவது நாள் முப்பத்தெட்டு. பலகையில உங்க பேரா?”

“ஆம்.”

“எந்த ஊரு? மேல வெட்டியிருக்கே.”

“என் சொந்த ஊர். அதற்கு மேல் கேட்க வேண்டாம்.”

“சொந்த ஊர்ல கூட்டம் வரத்தானே செய்யும்?”

“மிஸ் டேலுக்கும் அவர் சொந்த நாட்டில்தானே கூட்டம் வந்தது” என்றேன்.

தாளை மேசைமேல் வைத்தார். பிறகு சொன்னார்: “பேரில்லாத தாளை நான் மேல எடுத்துட்டுப் போக முடியாதும்மா. யார் வேணும்னாலும் வீட்ல உக்காந்து எழுதலாம்னுவாங்க. பிப்ரவரி பதினாலு மீட்டிங். மருத்துவச்சி யாருன்னு அன்னைக்குத்தான் முடிவு. பேர் இருந்தா நான் பேசறேன். இல்லேன்னா டேல்தான்.”

அந்தத் தியேட்டருக்கு இதனால் என்ன ஆகும் என்று கேட்டேன். தமக்குத் தெரியாது என்றார். ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்த அளவில் அவரை மதிக்கிறேன். தாளைத் திரும்ப வாங்கி வந்தேன். வெட்டிய தலைப்பு இக்கடிதம் எழுதும் மேசையின்மேல் இருக்கிறது.

நீ மறுத்தால் எனக்கு வருத்தமில்லை என்று எழுத எண்ணினேன். அது பொய். அவ்வகைப் பொய்களை உனக்குப் போதுமான அளவு எழுதியாயிற்று. வருந்துவேன். ஆயினும் தியேட்டரின் பெயரைக் கூறமாட்டேன். உனக்கு இப்போது ஒரு குழந்தை இருக்கிறது. அந்தத் தியேட்டரைத் தவிர வேறு பிழைப்பில்லை. எனக்கு முப்பத்தாறு வயது. இன்னும் தட்டு ஏந்த என் கைகளுக்கு வலு இருக்கிறது. இரண்டையும் எடைபோட வேண்டியவள் நானல்லேன்.

பெயரைச் சொல்லலாமா, கூடாதா? அதை மட்டும் எழுது. கப்பலில் அனுப்பினால் நாள் போதாது. புதிய விமானத் தபாலில் அனுப்பு.

விரைவில் பதில் எழுது.

சாவ்-யிங்